யாரும் சேமித்து வைக்காத நம்பர்

எங்கள் ஊரில் ஒரு நம்பரை மட்டும் யாரும் போனில் சேமித்து வைக்க மாட்டார்கள். கேஸ் சிலிண்டர் போடுகிறவர், கேபிள்காரர், மோட்டார் ரிப்பேர் பார்ப்பவர், காரைக்கால்மேட்டிலிருந்து மீன் கொண்டுவருகிற அம்மாள் என்று எல்லார் நம்பரும் இருக்கும். சாவு வீட்டுக்கு ஃப்ரீசர் பெட்டி கொண்டுவருகிறவரின் நம்பர் மட்டும் இருக்காது. தேவைப்படும் அன்று யாரிடமோ கேட்டு வாங்குவார்கள். கருமாதி முடிந்ததும் அழித்துவிடுவார்கள். போனில் அது கிடந்தால் இன்னொரு சாவு வரும் என்று ஒரு பயம்.

அப்பா போனபோது என் போனிலும் அந்த நம்பர் இருந்தது. பதினாறாம் நாள் வந்தவர்களெல்லாம் சாப்பிட்டுப் போன பிறகு அம்மாவே கேட்டாள்.

"பொட்டிக்காரன் நம்பரு உங்கிட்டயா இருக்கு?"

"ஆமாம்மா."

"மொதல்ல அழிச்சுத் தொலை. அதை எதுக்கு மடியில கட்டிக்கிட்டுத் திரியிற?"

அவள் கண்முன்னாலேயே அழித்தேன். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. நான் ஒன்றும் படிக்காதவள் இல்லை. கடைத்தெருவில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். ரேஷன் அட்டைக்குப் பெயர் சேர்ப்பதிலிருந்து பிரெஞ்சுத் தூதரகத்தில் அப்பாயின்ட்மென்ட் வாங்கிக் கொடுப்பது வரை ஊருக்கே ஆன்லைனில் வேலை செய்கிறவள். இணையத்தில் எது நிஜம், எது டூப்பு என்று பிறருக்குச் சொல்லிக் கொடுக்கிறவள். எனக்குத்தான் அந்தக் கதி வந்தது.

அப்பா பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்தவர், ஊர் வழக்கில் சொல்தா. அந்த வகையில் என் தம்பி பிரெஞ்சுக் குடிமகனாகி, பாரிஸுக்கு வெளியே ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை பார்க்கிறான். நான் உள்ளூரில் கல்யாணமாகி இங்கேயே நின்றுவிட்டேன். அம்மா தன் வீட்டில் தனியாக இருந்தாள். இரண்டு தெரு தள்ளித்தான் என் வீடு. ஞாயிற்றுக்கிழமை தம்பி வீடியோவில் வருவான். போனை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அம்மா ஒவ்வொரு தடவையும் ஒன்றையே சொல்வாள். "இதுல பாக்குறதெல்லாம் பார்வையாடா? ஒரு நடை வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போ." அவனும் ஒவ்வொரு தடவையும் அடுத்த லீவுக்கு வருவதாகச் சொல்வான். கடைசியில் ஒரு வழியாக டிக்கெட் எடுத்துவிட்டான். அம்மா பக்கத்து வீட்டு அத்தையிடம் சொல்லி வடகம் போட ஆரம்பித்திருந்தாள்.

சித்திரை வெயில். காலையில் காப்பி குடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அத்தை கூப்பிட்டு நான் ஓடிப் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

தம்பிக்கு நான்தான் சொன்னேன். அவன் ஒன்றுதான் கேட்டான். "அக்கா, நான் வர்ற வரைக்கும் எடுத்துராதீங்க. அது மூஞ்சிய ஒரு தடவ பாத்துடணும். வேற எதுவும் வேணாம்."

"நீ கெளம்பு. நான் வெச்சிருக்கேன்," என்றேன்.

அவன் அன்றிரவு விமானம் பிடித்தால் மறுநாள் முற்பகலில் சென்னை, பொழுது சாய்வதற்குள் காரைக்கால். அதுவரை அம்மாவை வைத்திருக்க வேண்டும். காலை வெயிலிலேயே ஓடு கொதித்தது. உடனே பெட்டி வேண்டும்.

அத்தையைக் கேட்டேன். "மாமா போனப்ப இருந்துச்சுடி. அப்பவே அழிச்சுட்டேன்." எதிர்வீட்டு அண்ணன் போனைத் தடவித் தடவிப் பார்த்தார். "இருந்துச்சும்மா. அதையெல்லாம் யாரு வெச்சிருக்கா?" தெருவில் சாவு காணாத வீடு ஒன்றுமில்லை. ஒருவரிடமும் நம்பர் இல்லை. எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். "நெட்ல போட்டுப் பாரேன், நீதான் அதுல கெட்டிக்காரியாச்சே."

போட்டேன். காரைக்கால் ஃப்ரீசர் பெட்டி என்று அடித்ததும் வரிசையாக வந்து விழுந்தன. எல்லாவற்றிலும் காரைக்கால் என்று ஊர்ப்பெயர், இருபத்து நாலு மணி நேரமும் சேவை என்று வாக்கு, பளபளவென்று போர்டு போட்ட கடைப்படம், ஐந்து நட்சத்திரம். முதலில் இருந்ததைக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தாள். நல்ல மரியாதையான குரல். "கவலைப்படாதீங்க மேடம். லொகேஷன் மட்டும் அனுப்புங்க. வண்டி அரை மணியில வந்துரும்."

அனுப்பினேன். அப்பாடா என்று இருந்தது. அழக்கூட அப்போதுதான் நேரம் கிடைத்தது.

அரை மணி போயிற்று. மறுபடி கூப்பிட்டேன். "நாகூர் தாண்டிட்டாங்க மேடம்." நாகூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு டவுன் பஸ்ஸே அரை மணியில் வந்துவிடும். பெட்டி வரவில்லை. "டிரைவர் வழியில மாட்டிக்கிட்டார் மேடம், இதோ வந்துட்டார்." இன்னொரு நம்பரைக் கூப்பிட்டேன். வேறு பெயர், வேறு கடை. எடுத்தவள் அதே பெண். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ஆனாலும் சாவு வீட்டில் புத்தி எங்கே வேலை செய்கிறது? ஒரே கம்பெனிக்கு நாலு நம்பர் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வராது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறு வழி பார்த்திருப்பேன். பாவிகள், வருகிறது வருகிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பெரியாஸ்பத்திரி பிணவறையில் வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். சித்தப்பா சீறினார். "வீட்ல உசுரு போனவள அங்க கொண்டு போய்ப் போடுறதா? அதான் பொட்டி வருதுங்கிறாங்களே." நானும் அதைத்தான் சொன்னேன், பெட்டி வருகிறது என்று. எதிர்வீட்டு அண்ணன் ஐஸ் கட்டியாவது வாங்கி வருகிறேன் என்று காரைக்கால்மேட்டுக்கு வண்டியை எடுத்தார். மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில் கிடக்க, ஐஸ் கம்பெனி பூட்டிக் கிடந்தது. ஜூஸ் கடையில் கெஞ்சி ஒரு கூடை ஐஸ் கொண்டுவந்தார். மீதி இருந்ததைக் கடைக்காரன் கொடுக்க மாட்டேன் என்றானாம், வெயில் காலத்து வியாபாரம். அந்த ஒரு கூடையும் சாக்கு நனைந்ததோடு சரி, மத்தியானத்துக்குள் தண்ணீராக ஓடிவிட்டது.

நான் அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து விசிறினேன். டேபிள் ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. வாசலில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் எழுந்து ஓடினேன். பால் வண்டி, தண்ணீர் கேன் வண்டி, துக்கம் கேட்க வந்தவர்களின் ஆட்டோ. பிற்பகலில் அம்மாவின் உதடு மாற ஆரம்பித்தது. பார்த்தும் பார்க்காதது போல் இருந்தேன். மற்றவர்கள் ஊதுவத்தியைக் கூடக் கூட ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணை மறுபடி கூப்பிட்டு, "அம்மா, தாயே, உங்கம்மாவா நெனச்சுக்கோ, வண்டி உண்டா இல்லையான்னு மட்டும் சொல்லு," என்று அழுதேன். "ஆன் தி வேதான் மேடம்," என்று வைத்துவிட்டாள்.

வெயில் இறங்கும்போது நாற்காலி இறக்க லோடு ஆட்டோ வந்தது. டிரைவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார். "பொட்டி வைக்கலயாம்மா?"

"வருதுங்க. காலையிலேருந்து வருது."

"எங்கேருந்து வருது? நம்ம பொட்டிக்காரரு உங்க கடைக்குப் பின்னாடி சந்துலதானேம்மா இருக்காரு?"

அவர் போன் செய்தார். கால் மணிகூட ஆகவில்லை, பெட்டி வாசலில் இருந்தது. கொண்டுவந்தவரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர். தாள் கோணலாக விழுந்தால் முணுமுணுக்கிற, சிடுமூஞ்சி மனிதர். மகளின் மார்க் ஷீட்டை நான்தான் ஸ்கேன் பண்ணிக் கொடுத்திருக்கிறேன். என்ன தொழில் என்று அவர் சொன்னதும் இல்லை, நான் கேட்டதும் இல்லை. வீட்டில் போர்டு கிடையாது.

"உங்கப்பாவுக்கும் நம்ம பொட்டிதாம்மா," என்றார், வயரைச் சொருகிக்கொண்டே. அன்றைக்குப் பெட்டியை இறக்கியவர் முகத்தை யார் பார்த்தார்கள்? பிறகு அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "காலையிலயே சொல்லியிருக்கலாமேம்மா. இது இருக்கறதை இருக்கறபடி வெச்சிருக்கும். போனதைத் திருப்பாது."

மறுநாள் சாயங்காலம் தம்பி வந்தான். பையைக்கூடக் கீழே வைக்காமல் நேரே பெட்டிக்குப் போனான். கண்ணாடி வழியாகப் பட்டுப் புடவை தெரிந்தது, கை தெரிந்தது, மாலை தெரிந்தது. முகத்தின் மேல் வெள்ளைத் துணி. சித்தப்பா காலையிலேயே மூடச் சொல்லிவிட்டார்.

"துணிய எடுங்க," என்றான்.

யாரும் நகரவில்லை.

"அக்கா, துணிய எடுக்கச் சொல்லுக்கா."

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "வேணாம்டா. நீ மனசுல வெச்சிருக்கிற மூஞ்சியே இருக்கட்டும்." அவன் என்னை உதறிவிட்டுத் துணிக்கு நேராகக் கண்ணாடியில் கையை வைத்தான். சின்னப் பிள்ளையில் அம்மா குளியலறையில் இருந்தால் கதவைத் தட்டுவானே, அதே மாதிரி விரலால் தட்டினான். அந்தச் சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது. பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட்டோம். வைத்திருக்கிறேன் என்று சொன்ன நான் என்னத்தை வைத்திருந்தேன்?

கருமாதி முடிந்து அவன் திரும்பிப் போன பிறகு கடையைத் திறந்தேன். கம்ப்யூட்டரில் முதல் வேலையாக அந்தப் பட்டியலைத்தான் திறந்தேன். அத்தனையும் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தேன். இரண்டு வெவ்வேறு கடைகளின் படத்தில் ஒரே வேப்பமரம், மரத்தடியில் ஒரே நாய். போர்டு மட்டும் மேலே ஒட்டியது. கடையே இல்லாமல் ஆர்டரைப் பிடித்து வைத்துக்கொண்டு, எங்காவது வண்டி கிடைத்தால் கமிஷனுக்கு அனுப்புகிற கூட்டம். ஒன்றின் கீழே ஒரு புண்ணியவான் ஐந்து நட்சத்திரம் போட்டு எழுதியிருந்தான்: "மிக அருமையான சேவை, குடும்பத்துடன் மீண்டும் வருவோம்." அட பாவி, குடும்பத்தோடா வருவாய் இதற்கு? சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதேன். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் பயந்து போனார்கள்.

மேப்பில் முகவரி காட்டிய இடங்களுக்கு ஸ்கூட்டியில் போனேன். ஒன்று வரிச்சிக்குடியில், நட்ட நடு வயலில். வரப்பு வெட்டிக்கொண்டிருந்த ஆட்கள், "இங்க பொட்டியாக்கா? எலி வளைதான் இருக்கு, காட்டட்டுமா?" என்று கேலி செய்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் ஒருவர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, நான் படமெடுக்க வரப்பில் கூடவே வந்தார். இன்னொன்று திருவேட்டக்குடிக் கடற்கரை மணலில். வலை காய்ந்துகொண்டிருந்தது, வேறொன்றும் இல்லை. எல்லாவற்றையும் படமெடுத்து, இந்த இடத்தில் இப்படி ஒரு கடை இல்லை என்று அந்த மேப் கம்பெனிக்குப் புகார் அனுப்பினேன். சில நாள் கழித்துப் பதில் வந்தது: உங்கள் திருத்தம் ஏற்கப்படவில்லை. அவ்வளவுதான். ஏன் என்று கேட்க ஆளும் கிடையாது, வாசலும் கிடையாது. வயலை நேரில் பார்த்தவள் சொல்வது பொய், வயலில் கடை இருப்பதாகச் சொல்பவன் மெய்யாம்.

விடவில்லை. மறுபடி மறுபடி அனுப்பினேன். கடைக்கு வருகிற பிள்ளைகளிடம் சொல்லி அவர்கள் போனிலிருந்தும் அனுப்பச் செய்தேன். சில காணாமல் போயின. அன்றைக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். அடுத்த வாரமே பெயரில் ஒரு சொல்லை மாற்றிக்கொண்டு அதே நாயோடு திரும்பி வந்தன. வீட்டில் என் கணவர், "போனவங்க போயிட்டாங்க. இத வெச்சுக்கிட்டு ஏன் பைத்தியமா அலையிற?" என்றார். அலையாமல் என்ன செய்வது? இந்த நிமிஷம் ஊரில் யாரோ ஒருத்தி அந்தப் பெண்ணிடம் லொகேஷன் அனுப்பிக்கொண்டிருப்பாள், வாசலுக்கு ஓடிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை.

பொய்யை எடுக்க முடியாவிட்டால் மெய்யையாவது போடுவோம் என்று பெட்டிக்காரரைப் பிடித்தேன். முதலில் அவர் மசியவில்லை. "நமக்கு எதுக்கும்மா இதெல்லாம்? சாவு விழுந்தா யாராவது கூப்பிடத்தானே போறாங்க?" நான் கத்தினேன். "எங்க கூப்பிட்டோம்? பின்சந்துல இருந்துகிட்டு, எங்கம்மா ஒரு பகல் பூரா வெயில்ல கெடந்தாங்களே, யாரு கூப்பிட்டா உங்கள?" மறுநாள் அவரே ஆதாரை எடுத்துக்கொண்டு வந்தார்.

அதே மேப்பில் அவர் கடையைப் பதிவு செய்தால், நிஜமான கடைதானா என்று வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னது. தெரு தெரிய வேண்டும், வாசலில் போர்டு தெரிய வேண்டும், உள்ளே தொழில் சாமான் தெரிய வேண்டும். தெரு இருக்கிறது, சாமான் இருக்கிறது. போர்டுக்கு எங்கே போக? அவர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர், போர்டு மாட்டினால் காலி செய்யச் சொன்னார். சந்துக்குள் இருந்த பெண்கள் ஒரே குரலில், "விடிஞ்சு எழுந்ததும் அதுல முழிக்கணுமா? பொண்ணு பாக்க வர்றவங்க சந்து முனையிலயே திரும்பிப் போயிருவாங்க," என்றார்கள். என் கடைச் சுவரில் மாட்டலாம் என்றால் கட்டட உரிமையாளர் கையெடுத்துக் கும்பிட்டார். போர்டு இல்லாமல் வீடியோ அனுப்பினோம். தள்ளுபடி ஆயிற்று. போலியாக இருக்கலாம் என்று சந்தேகமாம். நாய் படம் போட்டவன் நிஜம், ஊரில் பாதிப் பேரைக் கரை சேர்த்தவர் போலி. அன்று கடையை மூடிவிட்டுப் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். இனி இதில் ஒன்றும் நடக்காது என்று தோன்றிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வீடியோவில் வந்தான். இப்போது என்னோடுதான் பேசுவான், அதுவும் இரண்டொரு வார்த்தை. அம்மா முகத்தைப் பற்றி அவனும் பேச மாட்டான், நானும் பேச மாட்டேன். அன்று வாய் தவறி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வயல், நாய், போர்டு, சந்துப் பெண்கள். அவன் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். கத்தி நின்றது.

"அம்மா வீடு பூட்டித்தானே கெடக்கு?"

"ஆமா."

"அங்க மாட்டு."

"தெருவே சண்டைக்கு வரும்டா."

"வரட்டும். அந்த வீட்டுக்கு இனிமே யாரு பொண்ணு பாக்க வரப் போறா?"

போர்டு எழுதி வாங்கி, அம்மா வீட்டு வாசலில் நானே ஏணி போட்டு ஆணி அடித்தேன். அத்தைதான் முதலில் ஓடி வந்தாள். "உனக்குக் கூறு கெட்டுப் போச்சாடி? வெளக்கு வெச்ச வீடுடி இது." நான் ஏணியிலிருந்து இறங்காமலே, "அத்தே, அன்னிக்கு உங்க போன்ல நம்பர் இருந்திருந்தா இது எதுக்கு எனக்கு?" என்றேன். அவள் அம்மா வீட்டைப் பார்த்த ஜன்னலை அன்றே சாத்தினாள். இன்னும் திறக்கவில்லை.

பெட்டிக்காரர் பெட்டியை அம்மாவின் அறையில் கொண்டுவந்து வைத்தார். டேபிள் ஃபேன் ஓடிக்கொண்டிருந்த அதே பிளக்கில் அதைச் சொருகினார். நான் தெருமுனையிலிருந்து போனைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். தெரு, வாசல், போர்டு, கூடம், அறை, பெட்டி. வீடியோ போயிற்று. ஒரு வாரத்தில் அனுமதி வந்தது. இப்போது தேடினால் நாய்க்காரர்களுக்கெல்லாம் கீழே, கடைசியில், அம்மா வீட்டு வாசல் படத்தோடு அவர் கடை வருகிறது. நட்சத்திரம் இல்லாமல் மேலே ஏறாது. பெட்டி எடுத்த வீடுகளில் போய்க் கெஞ்சினேன். யார் எழுதுவார்கள்? சாவைப் பாராட்டி எழுதுகிற வழக்கம் எங்கே இருக்கிறது? ஒருவரும் எழுதவில்லை.

ஒரு நாள் தம்பி வேலையிலிருந்தே கூப்பிட்டான்.

"அக்கா, எழுதிட்டேன். எத்தன நட்சத்திரம் போடுறது?"

ஜெராக்ஸ் மெஷினை நிறுத்திவிட்டுக் கடை வாசலுக்கு வந்தேன்.

"அவரு லேட்டா வரலையே," என்றான் அவனே. "நாமதானே லேட்டாக் கூப்பிட்டோம். அஞ்சு போடுறேன்."

அவன் போனை வைத்த பிறகு திறந்து பார்த்தேன். "கூப்பிட்டதும் வந்தார். கூப்பிடத்தான் எங்களுக்குத் தெரியவில்லை. பாரிஸிலிருந்து வந்தும் என் அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. நீங்கள் பாருங்கள். இந்த நம்பரை அழிக்காதீர்கள்."

அன்றுதான் அந்த நம்பரை என் போனில் சேமித்தேன். என்ன பெயர் போடுவது என்று யோசித்து, கடைசியில் 'அம்மா வீடு' என்று போட்டேன். பெட்டி இப்போது அங்கேயேதான் இருக்கிறது, வீட்டுச் சாவி என்னிடம். எப்போதாவது போன் அடிக்கும், 'அம்மா வீடு' என்று திரையில் வரும். பெட்டிக்காரர்தான், யாருக்கோ பெட்டி எடுக்க வேண்டும், சாவி வேண்டும் என்பார். கடையில் எத்தனை பேர் நின்றாலும் அப்படியே போட்டுவிட்டு ஓடுகிறேன்.